அம்மா அடையாளம் கண்ட பால்மரம்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஏ3 தாளில் முடித்த படத்தை அம்மாவின் கட்டிலுக்கு எதிரே சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்துக்குக் கிட்டே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். "கோயிலுக்குப் பின்னால நிக்கிற மரம்தானே ஐயா? இந்தா, இந்தக் காயம் நான் போட்டது" என்று ஒரு முடிச்சைக் காட்டினார்.

பால்மரம் என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது உளி பட்டையைத் தாண்டி மரம்வரை இறங்கிவிட்டால் அதைக் காயம் என்பார்கள். அந்த இடத்தில் பட்டை பிறகு முண்டும் முடிச்சுமாக வீங்கிவிடும். நான் வரைந்தது அந்த வீக்கத்தைத்தான், ஆனால் அதை யார் போட்டது என்று எனக்குத் தெரியாது. ஏழு மாதம் ஒரே மரத்தை வரைந்த பிறகு ஒரு முடிச்சு அதன் இடத்தில் சரியாக வந்திருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். டவுனில் ஒரு லேத் பட்டறையில் வேலை, வயது 49. பிறந்தது வெளியே தோட்டத்தில், மூன்றாவது லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். லயங்களை இடித்துப் பல வருடம் ஆகிவிட்டது. கித்தா (ரப்பர்) இருந்த இடமெல்லாம் இப்போது செம்பனை (எண்ணெய்ப்பனை). மாரியம்மன் கோயிலும் அதன் பின்னால் ஒரே ஒரு பால்மரமும் மட்டும் நிற்கின்றன. எங்கள் வீட்டில் அந்த லயத்தின் போட்டோ ஒன்றுகூட இல்லை. இந்த மரத்தையாவது அம்மாவுக்கு வரைந்து கொடுக்க வேண்டும் என்று தீபாவளி முடிந்த வாரம் ஆரம்பித்தேன்.

முதல் தப்பு முதல் நாளே நடந்தது. ஈப்போவுக்கு வேலையாகப் போனபோது 24 பென்சில் அடங்கிய தகரப் பெட்டி ஒன்றை 68 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். கெட்டியான 6எச்சிலிருந்து மென்மையான 8பிவரை எல்லாம் அதில் இருந்தது. ஏழு மாதத்தில் நான் தேய்த்தது மூன்றே மூன்று: 2எச், 2பி, 4பி. மற்ற 21 பென்சிலும் சீவாமலே கிடக்கின்றன. தனியாக வாங்கியிருந்தால் மூன்றுக்கும் 8 வெள்ளி 40 காசுதான்.

இரண்டாவது தப்பு தொழிலால் வந்தது. பட்டறையில் நான் போடும் படமெல்லாம் ஸ்கேல் வைத்துப் போடுவது. அந்தப் பழக்கத்தில் மரத்துக்கும் இரண்டு நேர்க்கோடு இழுத்து, மேலே கிளை வைத்து, இலை ஒட்டினேன். வீட்டு மேசையில், நினைவிலிருந்தே. பட்டை இருக்கிறது, பால் பிடிக்கும் மங்கு இருக்கிறது, வெட்டுக்கோடும் இருக்கிறது, ஆனால் இரும்புக்குழாய் நட்டு வைத்த மாதிரி இருந்தது. நவம்பர் முழுக்க இப்படி ஐம்பது தாள் போனது.

அந்த ஐம்பதில் ஒன்றைத்தான் அம்மா முதலில் பார்த்தார். பார்த்த உடனே, "என்னா ஐயா, வெட்டு மாறி ஓடுது?" என்றார். நான் வலதுபக்கம் மேலாகவும் இடதுபக்கம் கீழாகவும் கோடு போட்டிருந்தேன். அம்மா எழுந்து, சமையலறை வாசல் சட்டத்தை மரமாக வைத்துக்கொண்டு, இடதுபக்கம் தோளுயரத்தில் விரலை வைத்து வலதுபக்கம் சரித்து இறக்கிக் காட்டினார். "இடது ஒசரம், வலது தாழ்வு. எந்த மரத்துக்கும் இதான்." இருபத்தாறு வருடம் வெட்டிய கை அது. பட்டைக்குள் பால் ஓடும் நாளங்கள் நேர் செங்குத்தாக இல்லாமல் லேசாக வலதுபக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால்தான் அதிக நாளங்கள் அறுபடும். இந்தக் காரணத்தைப் பிறகுதான் படித்தேன். சின்ன வயதில் விடியற்காலையில் அம்மாவோடு நிரையில் நடந்தவன் நான், ஆயிரம் வெட்டுக்கோடாவது பார்த்திருப்பேன். ஆனாலும் தாளில் தலைமாறிப் போட்டேன். மேசையில் உட்கார்ந்து நினைவிலிருந்து வரைவதை அன்றோடு விட்டேன்.

டிசம்பரில் கைப்பேசியில் மரத்தைப் படமெடுத்து, அதைப் பார்த்து வரைந்தேன். கோடு கொஞ்சம் சரியானது. ஆனால் கிட்டே நின்று எடுத்த படம் என்பதால் அடிமரம் பெருத்து, மேலே போகப் போகக் குச்சியாகிவிட்டது. நானும் அதை அப்படியே வரைந்து வைத்தேன். அந்த மாதத்தில் கிடைத்தது கைப்பழக்கம் மட்டும்தான்.

ஜனவரியில் நேரில் போய் உட்கார ஆரம்பித்தேன். வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் 11 நிமிடம். வேலை முடிந்து 5.10க்கு உட்கார்ந்தால் 6 மணிவரை ஒரே மாதிரி வெயில் கிடைக்கும். மகள் படிவம் மூன்று படிக்கிறாள், பள்ளியில் ஓவியப் பாடம் எடுத்திருக்கிறாள். அவள்தான் சொன்னாள், "கையை நீட்டிப் பென்சிலால அளங்கப்பா" என்று. பென்சில் தடிமனாக இருந்தது. கோயில் வாசலில் கிடந்த ஈர்க்கு மாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவினேன். 30 செ.மீ. நீளம், நேராக இருக்கிறது, கனமே இல்லை. இன்றுவரை அதுதான் என் அளவுகோல்.

அளப்பது இப்படி: முழங்கை மடியாமல் கையை முழுக்க நீட்ட வேண்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஈர்க்கின் நுனியை மரத்தின் இடது ஓரத்தில் வைத்து, வலது ஓரம் எங்கே விழுகிறதோ அங்கே கட்டைவிரல் நகத்தை நிறுத்த வேண்டும். அதே நீளத்தைச் செங்குத்தாகத் திருப்பி, அடியிலிருந்து மரம் கிளை பிரியும் முதல் கவைவரை எத்தனை தடவை போகிறது என்று எண்ண வேண்டும். ஏழரை வந்தது. அதுவரை நான் வரைந்த மரங்களை எடுத்து அளந்து பார்த்தால் எல்லாவற்றிலும் நாலு, நாலரை. கிட்டத்தட்டப் பாதி உயரத்தை நான் கண்ணாலேயே தின்றிருந்தேன்.

நம்பிக்கை வராமல் மறுநாள் நாடா எடுத்துப் போனேன். நெஞ்சுயரத்தில் சுற்றளவு 186 செ.மீ., 3.14ஆல் வகுத்தால் விட்டம் 59. மூங்கில் கழியைச் சாத்தி அளந்ததில் கவை 4 மீட்டர் 45இல் இருந்தது. வகுத்துப் பாருங்கள், ஏழரை. ஓர் ஈர்க்கும் நாடாவும் ஒத்துப்போனதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் லேத்தில் முதல் உருப்படி அளவுக்கு வந்த நாளில் வந்த சந்தோஷம்தான்.

ஆனால் அளந்து வரைந்தும் படம் சரியாக வரவில்லை. மடியில் இருக்கும்போது சரியாகத் தெரிந்த மரம், வீட்டுக்கு வந்து சுவரில் ஒட்டியதும் நீண்டு, ஒல்லியாகத் தெரிந்தது. தாளிலேயே ஸ்கேல் வைத்தேன், எட்டரை. இரண்டு வாரம் இதற்குக் காரணம் தெரியாமல் அலைந்தேன். ஈர்க்கு அளவைச் சந்தேகப்பட்டேன், கண்ணாடியைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் குற்றவாளி மடிதான். தாள் மடியில் படுத்திருந்தால் அதன் மேல்பாதி கண்ணுக்குத் தூரமாகி, சுருங்கித் தெரியும். அந்தச் சுருக்கத்தை ஈடுகட்டக் கை தானாகவே நீட்டி வரைந்துவிடுகிறது. பட்டறையில் கிடந்த 6 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகைத் துண்டை 45க்கு 34 செ.மீ. அறுத்து, ஓரம் தேய்த்து, இரண்டு கிளிப் மாட்டி, முழங்காலுக்கும் வயிற்றுக்கும் நடுவே அறுபது பாகையாவது நிமிர்த்தி வைத்து வரைந்தேன். அன்றைக்கே ஏழரை வந்தது. யாராவது என்னிடம் வந்து, முதலில் எதை வாங்குவது என்று கேட்டால் இந்தப் பலகையைத்தான் சொல்வேன், பென்சில் பிறகு.

உட்காரும் இடமும் முக்கியம். முக்காலியை அரையடி தள்ளிப் போட்டால் எந்தக் கிளை எந்தக் கிளையை மறைக்கிறது என்பது மாறிவிடுகிறது. முக்காலியின் மூன்று காலுக்கும் கீழே மூன்று செங்கல் துண்டைப் புதைத்து வைத்தேன். கோயில் பூசாரி ஐயா கூட்டும்போது அதைத் தொடாமல் சுற்றிக் கூட்டினார், கேட்காமலே.

பிப்ரவரியில் மரம் இலை உதிர்த்தது. பால்மரம் வருடத்துக்கு ஒரு தடவை இலையைக் கொட்டிவிட்டுத் துளிர்க்கும். இங்கே அது வருடத் தொடக்க மாதங்களில் நடக்கும். இவ்வளவு நாள் இலைக் கூட்டத்தைப் பஞ்சு மாதிரி சுருட்டி வைத்து ஏமாற்றியிருந்தேன். இப்போது ஒரு கிளையும் ஒளிந்துகொள்ள வழியில்லை. ஒவ்வொரு கிளையாகப் பின்தொடர்ந்தால் ஐந்தாவது கிளையில் வழி தவறிவிடுகிறது. "மரத்தை விட்டுட்டு, நடுவுல தெரியிற வானத்தை வரைங்கப்பா" என்றாள் மகள். கிளைகளுக்கு நடுவே தெரிந்த வானத் துண்டுகளை மட்டும் ஒவ்வொன்றாக, முக்கோணம், வளைந்த கத்தி, உடைந்த ஓடு என்று பார்த்து வரைந்தேன். 17 துண்டு போட்டதும் நடுவில் கிளைகள் தாமாக நின்றுவிட்டன. என் படங்களில் கிளை முதல்முறையாகக் கிளை மாதிரி தெரிந்தது அந்த நாளில்தான். மூன்று வாரத்தில் துளிர் வந்துவிட்டது. அந்த மூன்று வாரத்தில் வரைந்த 22 தாளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், கடைசிப் படத்தின் கிளையெல்லாம் அவற்றிலிருந்து எடுத்ததுதான். துளிர் வந்தபோதுதான் இன்னொன்றும் கவனித்தேன்: ஒவ்வொரு காம்பிலும் மூன்று மூன்று சிற்றிலை. நவம்பரில் எல்லாவற்றையும் ஒற்றை இலையாகப் போட்டிருந்தேன்.

அதே மாதம் ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு கோலகங்சார் போனோம். 1877இல் அங்கே நட்ட ஒன்பது கித்தாக் கன்றுகளில் மிஞ்சிய ஒரு மரம் இன்னும் நிற்கிறது. அதன் அடிமரத்தை நின்றுகொண்டே அரை மணி நேரம் வரைந்தேன். நம் மரத்தை விடக் கடினம், ஆனால் பட்டையின் முண்டுகளை நிழலால்தான் காட்ட முடியும், கோட்டால் முடியாது என்று அங்கேதான் புரிந்தது. அம்மா அந்த மரத்தைக் கையால் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

மார்ச் முழுக்க ஒரே ஒரு கோட்டுக்குச் செலவானது: அந்த வெட்டுக்கோடு. திசை சரியாகிவிட்டது, ஆனால் மரத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிய மாதிரி தட்டையாகவே இருந்தது. பழைய தழும்பில் கோணமானியை வைத்துப் பார்த்தேன், 28 பாகை. அந்த 28 பாகையில் நேர்க்கோடு போட்டால் தட்டை. கொஞ்சம் வளைத்தால் சிரிக்கிற வாய் மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு ராத்திரி காலி மைலோ டின்னை எடுத்து, சிவப்பு ஒயர் டேப்பை 28 பாகை சரிவில் பாதிச் சுற்று ஒட்டினேன். கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் தெளிவாகத் தெரிந்தது: டின்னின் நடுவில்தான் அது 28 பாகை. இரண்டு ஓரத்துக்கும் போகப் போகக் கோடு செங்குத்தாகிக்கொண்டே போய், இடதுபக்கம் மேல்நோக்கி மறைகிறது, வலதுபக்கம் கீழ்நோக்கி மறைகிறது. படுத்த எஸ் எழுத்து மாதிரி ஒரு வளைவு. அந்த டின்னை மேசையில் வைத்து, கண்ணுக்கு மேலே, நேரே, கீழே என்று மூன்று உயரத்தில் முப்பது முப்பது தடவை வரைந்தேன். மறுநாள் மரத்தில் போட்ட முதல் கோட்டிலேயே அடிமரம் உருண்டது.

மங்குக்கும் அதே வைத்தியம். மங்கின் வாய் வட்டம், பக்கத்திலிருந்து பார்த்தால் நீள்வட்டம். என் கை அதை எலுமிச்சம்பழம் மாதிரி இரண்டு முனையும் கூராக முடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு ஒடுங்கிய நீள்வட்டமானாலும் முனை கூராகாது, சின்னதாகவாவது திரும்பித்தான் வரும். தினமும் வேலைக்குப் போகுமுன், பசியாறும் மேசையில் 40 நீள்வட்டம் போட்டேன். விரலை அசைக்காமல் தோளிலிருந்து கையைச் சுற்றி, காற்றில் இரண்டு தடவை சுழற்றிவிட்டு மூன்றாவது சுற்றில் பென்சிலை இறக்க வேண்டும். மூன்று வாரத்தில் வந்தது.

ஏப்ரலில் நிழல். இங்கேதான் அதிகமாகக் கெடுத்தேன். பென்சில் போட்ட இடத்தை விரலால் தேய்த்து மெதுவாக்கினேன். நம் ஊர் வேக்காட்டில் விரலில் எப்போதும் வியர்வையும் எண்ணெயும்தான். தேய்த்த இடமெல்லாம் பிசுக்காகி, மேலே பென்சிலும் பிடிக்கவில்லை, அழிக்கவும் முடியவில்லை. நல்ல படம் நான்கு அப்படிப் போயிற்று. அப்புறம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, உருளையைச் சுற்றும் திசையில் நெருக்கமாகக் கோடு போட்டேன், உள்ளங்கைக்குக் கீழே ஒரு தாள் வைத்துக்கொண்டு.

எவ்வளவு கறுப்பு வேண்டும் என்பதற்கு ஓர் அட்டை செய்தேன். பிஸ்கட் பெட்டி அட்டையில் வெள்ளைத் தாள் ஒட்டி, ஐந்து கட்டம். முதல் கட்டம் வெறும் தாள், ஐந்தாவது 4பியால் முடிந்த மட்டும் கறுப்பு, நடுவில் மூன்று படி. ஒவ்வொரு கட்டத்திலும் பஞ்ச் மிஷினால் ஓர் ஓட்டை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஓட்டை வழியாக மரத்தைப் பார்த்தால், எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று தெரியும். பட்டையின் நிழல் பக்கம் மூன்றாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், நான்கு. பின்னால் நிற்கும் செம்பனையின் அடி முழு ஐந்து. என் படங்கள் எல்லாமே இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் பயந்து நின்றிருந்தன.

வெளிச்சம் விழும் முண்டுகளுக்குப் பிசைகிற அழிப்பான், 5 வெள்ளி 20 காசு. அதை உருட்டி ஊசிமுனையாக்கி, கறுத்த இடத்தில் ஒற்றி எடுத்தால் வெளிச்சம் வரும். பென்சில் கறையைப் பால்மரத்துப் பிசினால் அழிக்கலாம் என்று ஆங்கிலேய விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி 1770இல் எழுதி வைத்தார். அதற்குமுன் ரொட்டித் துண்டால்தான் அழித்தார்கள். தேய்த்து அழிப்பதால்தான் ஆங்கிலத்தில் அதற்கு ரப்பர் என்று பேரே வந்தது. இதைச் சொன்னபோது அம்மா ரொம்ப நேரம் அந்த அழிப்பானைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார்.

ஏப்ரல் மழை இன்னொரு பாடம். சாயங்கால மழைக்குப் பிறகு தாள் ஈரம் குடித்து அலை அலையாக எழுகிறது. சதுர மீட்டருக்கு 70 கிராம் எடையுள்ள போட்டோகாப்பி தாள் பயிற்சிக்குப் போதும், முடிவான படத்துக்கு 200 கிராமுக்குக் குறையாத தாள் வேண்டும். தாள்களைப் பிளாஸ்டிக் பையில், மருந்துப் போத்தல்களில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்கள் நாலைந்தைப் போட்டு வைக்கிறேன். பென்சில் உதிராமலிருக்க முடிக்கு அடிக்கும் ஸ்பிரேயை அடிக்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு படத்தில் அடித்தேன். ஒரு மாதத்துக்குள் மஞ்சள் பூத்துவிட்டது. அதைச் செய்யாதீர்கள். படத்தின் மேல் வெறும் மெல்லிய தாளை மூடி வைத்தாலே போதும்.

கடைசிப் படம் மே மாதத்தில், நான்கு சாயங்காலம், ஒவ்வொன்றும் 50 நிமிடம். முதல் நாள் 2எச்சால் அளவுப் புள்ளிகள் மட்டும்: அடி, கவை, இரண்டு ஓரம், வெட்டுத் தழும்பு தொடங்கும் இடமும் முடியும் இடமும். இரண்டாம் நாள் கிளையும் வானமும். மூன்றாம் நாள் பட்டை. முடிச்சுகளை எண்ணி, ஒவ்வொன்றும் கவையிலிருந்து எத்தனை மரவிட்டம் கீழே என்று ஈர்க்கால் அளந்து வைத்தேன், ஒன்பது முடிச்சு. நான்காம் நாள் நிழல் மட்டும். பென்சிலைத் துருவியால் சீவாமல் கட்டரால் சீவினேன், ஈயம் ஒரு செ.மீ. வெளியே நிற்கும்படி. சாய்த்துப் பிடித்தால் பட்டையின் சொரசொரப்பு தாளின் சொரசொரப்பிலிருந்தே வந்துவிடும்.

செலவுக் கணக்கு: பென்சில் பெட்டி 68 வெள்ளி, ஒரு கட்டு போட்டோகாப்பி தாள் 13.50, ஏ3 வரைபுத்தகம் 14.50, அழிப்பான் 5.20, கட்டர் 2.50, கிளிப் இரண்டு 3 வெள்ளி, சட்டம் 28. எல்லாம் சேர்த்து 134 வெள்ளி 70 காசு. பெட்டிக்குப் பதில் மூன்று பென்சில் வாங்கியிருந்தால் 75 வெள்ளி 10 காசில் முடிந்திருக்கும். 500 தாள் கட்டில் 310 போயிருக்கிறது.

அடுத்த தடவை முதல் நாளிலிருந்தே தாளின் மூலையில் தேதி எழுதுவேன். நவம்பர் தாள்களில் பாதியைக் கசக்கி எறிந்துவிட்டேன். எங்கே தப்பு தொடங்கியது என்று தேடும்போது அவைதான் தேவைப்பட்டன. மேசையில் ஒரு நாள்கூட வீணாக்காமல் நேராக மரத்தடிக்குப் போவேன். நிழலுக்கு ஏப்ரல்வரை காத்திருக்காமல் அந்த ஐந்து கட்ட அட்டையை முதல் வாரமே செய்வேன். கொசுவுக்காக முழுக்கால் சட்டையும் காலுறையும் போட்டுக்கொள்வேன், கொசுவர்த்திச் சுருளை மட்டும் நம்ப மாட்டேன்.

அம்மா இப்போது இன்னொன்று கேட்டிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் அரிசித் தவிடு போட்டு வைத்திருக்கும் அவர் பால் சுமந்த பழைய காண்டா வாளியைக் கழுவிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். வாய் விட்டம் 27 செ.மீ., ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. நேற்று மூன்று தாள் போட்டேன். வாய் நீள்வட்டம் வந்துவிட்டது, நசுங்கலும் வந்துவிட்டது. கைப்பிடிக் கம்பி பின்பக்கமாகச் சாய்ந்து விழும் இடத்தில் சுருக்கம் சரியாகப் பிடிபடவில்லை. இன்றைக்கு ராத்திரி ஒரு கம்பியை அதே அளவுக்கு வளைத்து, நிமிர்த்தியும் சாய்த்தும் வைத்து அளந்து பார்க்க வேண்டும்.